சாயங்காலக் குளியல்

“கோயிலுக்குப் போயிட்டு வந்து யாராவது குளிப்பாளோ, மாமி?”

பின்கட்டில் குடியிருக்கும் விசாலம் மெதுவாகத்தான் கேட்டாள். அவள் மெதுவாகக் கேட்டால் மயிலாப்பூரில் பாதிப் பேருக்குக் கேட்கும். கிணற்றடியில் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்த ஜலஜாவுக்கும் கேட்டது.

மாமியார் தர்மாம்பாள் பதில் சொல்லவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால்தான் ஜலஜாவுக்குப் பயம் அதிகம்.

விசாலம் விடுவதாக இல்லை. கைக்குழந்தையைப் பறிகொடுத்து ஒரு மாதம்கூட ஆகாதவள் தினமும் கபாலி கோயிலுக்கென்று கிளம்புகிறாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி, நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் விட்டுக்கொள்கிறாள். போகிற இடம் கோயில்தானா என்று ஒரு தரம் பார்த்துவிடுவது நல்லது என்று பக்குவமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

போகிற இடம் கோயில் இல்லைதான்.

முதல் நாள் கோயிலுக்குத்தான் போனாள். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் மனசு ஆறும் என்று அனுப்பி வைத்ததே மாமியார்தான். தெப்பக்குளத்து ஓரத்தில், காலிக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மீன்காரி அந்தோணியம்மா. அவள் மடியில் ஒரு சிசு வீறிட்டு அழுதது.

அந்த அழுகை காதில் விழுந்ததுமே ஜலஜாவின் ரவிக்கை நனைந்துவிட்டது. பால் வற்றட்டும் என்று மாமியார் தினமும் வைத்துக் கட்டிய மல்லிகைப்பூ அத்தனையும் அந்த நிமிஷத்தில் தோற்றுப்போயிற்று.

“ஆத்தா இல்லாத புள்ளம்மா, என் தங்கச்சி புள்ள” என்றாள் அந்தோணியம்மா. “பசும்பாலு குட்த்தா கக்கிடுது. காலைல பக்கத்து ஊட்டுக்காரி குடுக்குறா. அவளுக்கும் சொந்தப் புள்ள கீதே, எத்தினி வாட்டி குடுப்பா?”

ஜலஜாவின் கால்கள் அந்தக் கூடைக்குப் பின்னாலேயே சாந்தோம் குப்பத்துக்கு நடந்துவிட்டன. ஜாதி, மடி, தீட்டு எல்லாம் பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தன. அவை வந்து சேர்ந்தபோது குழந்தை வயிறு நிறைந்து தூங்கிப் போயிருந்தது.

நாம் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், அன்றிலிருந்து சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருந்தாள். கணவன் சங்கரனிடம்கூட மூச்சு விடவில்லை. வீட்டு மடி கெட்டுவிடக் கூடாதே என்றுதான் திரும்பியதும் குளித்தாள். அந்தக் குளியலே காட்டிக் கொடுக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

விசாலம் பேசியதற்கு மறுநாள், அந்தோணியம்மாவின் குடிசையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், வாசலில் நிழல் தட்டியதும் நிமிர்ந்தாள்.

தர்மாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். மணலில் நடந்து வந்ததில் மூச்சிரைத்தது. குழந்தையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், திரும்பி நடந்தாள்.

“இன்னாம்மா, இனிமே வரமாட்டியா?” என்றாள் அந்தோணியம்மா.

ஜலஜா குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாளைச் சாயங்காலம் இந்தக் குழந்தை யாரைத் தேடும்? அது வாயை எடுக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவள் சந்து வழியாகக் கிணற்றடிக்குப் போனாள். ராட்டினத்தில் கயிறு இல்லை. வாளியும் இல்லை. பின்கட்டு வாசற்படியில் விசாலம் சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள்.

குளிக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது. கயிற்றை எடுத்துவிட்டார்கள் என்றால் நுழையாதே என்றுதானே அர்த்தம்? ஜலஜா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

தர்மாம்பாள் வெளியே வந்தாள்.

“கயித்தை நான்தான் எடுத்து வெச்சேன்.”

“அம்மா, நான் வந்து...”

“ஒண்ணும் சொல்லாதே. சங்கரனுக்கு முன்னாடி எனக்கும் ஒண்ணு பொறந்து போச்சு. இதே மாதிரி மல்லிப்பூ வெச்சுக் கட்டினா. பால் வத்தித்து. அழுகைதான் இன்னி வரைக்கும் வத்தலை.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்கட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு விசாலத்துக்கும் நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்:

“அடுப்புல தவலை நிறைய வெந்நீர் போட்டிருக்கேன், உள்ளே போய்க் குளி. பால் குடுக்கறவ பச்சைத் தண்ணியில குளிச்சா, குழந்தைக்குன்னா சளி பிடிச்சுக்கும்?”