ஒரு சொட்டும் இறங்கவில்லை

தர்சிகன் மூன்றாவது கிளாஸையும் வாயில் வைத்த மாதிரி வைத்துவிட்டு, மேசையில் இருந்த சின்ன வாளிக்குள் துப்பினான். சபாரத்தினத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

தெற்கு லண்டன் சட்டனில் மளிகைக்கடை வைத்திருக்கும் சபாரத்தினம், மகள் கோசிகாவுக்குப் பேசி வந்திருக்கும் பையனைச் சோதித்துப் பார்க்கத்தான் இந்த வைன் தோட்டத்துக்குக் கூட்டி வந்திருந்தார். மலைச்சரிவு முழுக்கத் திராட்சை, நடுவில் விக்டோரியா ராணி காலத்து நிலவறை; நுரை பொங்கும் வைனுக்குப் பேர்போன இடம். ஆளுக்கு ஆறு கிளாஸ் ருசி பார்க்கத் தருவார்கள். பையனுக்குத் துணையாகத் தானும் குடிக்க வேண்டி வரலாம் என்று, காரை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் வந்திருந்தார். முன்யோசனைக்காரர்.

சோதிக்காமல் எப்படி? போன வருஷம், 2008 ஆவணியில், முதலில் பேசிய மாப்பிள்ளை ஒரு சாமத்தியவீட்டில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, பெரியபிள்ளையான சிறுமிக்குச் சோடித்து வைத்திருந்த மணவறையில் ஏறிப் படுத்துக் குறட்டை விட்டான். அன்றைக்கே மனைவி தவநாயகி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"குடிக்கிறவனுக்கு என்ர பிள்ளையைக் குடுக்கேலாது. அடுத்தவனை நீங்களே வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. பிழைச்சுதெண்டால் பிறகு என்ர முகத்தில முழிக்காதேங்கோ."

தர்சிகன் பிரான்சில் இருந்து வந்து இரண்டு மாதம். அங்கே ஏதோ பரிசோதனை லாப்பில் வேலை பார்த்தவனாம், இங்கேயும் ஒன்று சரிவரப் போகிறதாம் என்று புரோக்கர் சொல்லியிருந்தார். வைன் தோட்டம் என்றதும், "நானும் அங்க ஒருக்காப் போகவேணும் எண்டுதான் இருந்தனான், அங்கிள்" என்று அவன் துள்ளியபோதே சபாரத்தினத்துக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. இவர் மூச்சு வாங்கிக்கொண்டு மலை ஏறி வருவதற்குள் அவன் முன்னால் போய், வாசலில் நின்ற வெள்ளைக்காரியோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தான். மிச்சப் பாதியும் போனது.

இப்போது பார்த்தால், துப்புகிறான்.

"ஏன் தம்பி, பிடிக்கேல்லையோ?"

"விழுங்கினால் சரிவராது அங்கிள். தலை சுத்தும்."

"ஒரு வாய் குடியுமன். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"ஐயோ, வேண்டாம்."

தங்கமான பிள்ளை. அந்தச் சந்தோஷத்தில் சபாரத்தினம் தன்னுடைய மூன்று கிளாஸையும் காலி செய்திருந்தார். சோடா மாதிரி மூக்கில் ஏறினாலும் நன்றாகத்தான் இருந்தது.

ஒன்றே ஒன்றுதான் மனதை உறுத்தியது. ஒவ்வொரு கிளாஸ் முடியவும் பையன் ஒரு சின்னக் கொப்பியில் ஏதோ எழுதினான். மாமனாராக வரப்போகிறவர் எத்தனை கிளாஸ் இறக்குகிறார் என்று தாய்க்காரி எழுதிவரச் சொல்லியிருப்பாளோ?

நாலாவது கிளாஸைச் சபாரத்தினம் பாதியில் வைத்தார். ஐந்தாவதைத் தொடவில்லை. ஆறாவதை, பையன் எழுதக் குனிந்த நேரம் பார்த்து ஒரே இழுவையில் முடித்தார்.

பையனோ ஆறையும் துப்பிவிட்டான். சபாரத்தினம் வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டார்.

"தவம், கண்ணை மூடிக்கொண்டு முற்றாக்கும். லண்டன் முழுக்கச் சல்லடை போட்டாலும் இப்பிடி ஒரு பொடியன் கிடையான். கையில குடுத்துக் கெஞ்சியும் ஒரு சொட்டுத் தொண்டைக்குள்ள இறங்கேல்லை."

"நீங்கள் குடிச்சிட்டுக் கதைக்கேல்லையே?"

"சீச்சீ."

"அப்ப சரி. உங்களை நம்பி இப்பவே பொடியன்ர தாய்க்கு எடுத்து ஓமெண்டு சொல்லுறன்."

ஒரு வருஷப் பாரம் இறங்கியது. அவர் உள்ளே திரும்பியபோது வாசலில் கண்ட வெள்ளைக்காரி, தர்சிகனின் கொப்பியைப் பக்கம் பக்கமாக வாசித்துக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்து, அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அப்பாடா, கிளாஸ் கணக்கு இல்லை. சபாரத்தினம் அவனுடைய தோளில் உரிமையோடு கை போட்டார்.

"தம்பி, இனி அங்கிள் வேண்டாம், மாமா எண்டே கூப்பிடும். வீட்டில ஓமெண்டாச்சு, உம்மட அம்மாவுக்கும் சொல்லியாச்சு. அதுசரி, உம்மட கொப்பியை ஏன் அவ வாசிச்சவ?"

தர்சிகனுக்கு முகமெல்லாம் பல்.

"இஞ்ச வைன் ருசி பாக்கிற வேலை எனக்குச் சரிவந்திட்டுது மாமா, ஒரு நாளைக்கு நாப்பது கிளாஸ்."