எட்டு ஆம்பியர்

காக்களூர் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் மூடி வார்க்கும் கொட்டகை. மதியச் சூட்டில் மின்விசிறி பெயருக்குச் சுற்றுகிறது. ‘முயற்சியே மின்சாரம்’ என்று தானே எழுதி மாட்டிய பலகையின் கீழ் நிற்கிறார் உற்பத்தி மேலாளர் வீரராகவன். கையில் ஒப்பந்தத் தொழிலாளி ஜெபாவின் வேலைநீக்கக் கடிதம். “வோல்டேஜ் இருபது பர்சன்ட்தான் கம்மி. அப்புறம் உன் மூடி ஏம்மா முப்பத்தாறு பர்சன்ட் கம்மி? தூங்கினு இருந்தியா?” ஜெபா ஓர் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் போட்டு, சாக்பீஸால் எழுதுகிறாள். “இருநூத்தி முப்பது வோல்ட்ல ஹீட்டர் பத்து ஆம்ப் இழுக்கும் சார். வகுத்தா ரெசிஸ்டன்ஸ் இருபத்திமூணு ஓம். அது அப்டியேதான் இருக்கும். இப்ப வர்றது நூத்தி எண்பத்திநாலு வோல்ட், அதான் எட்டு ஆம்ப். வோல்ட்டையும் ஆம்பையும் நீங்களே பெருக்குங்க. ரெண்டாயிரத்து முந்நூறு வாட்ஸ் இருந்த எடத்துல ஆயிரத்து நானூத்தி எழுபத்திரெண்டு. முப்பத்தாறு பர்சன்ட் அங்கியே போச்சு. பிளாஸ்டிக் உருகவே நேரமாவுது, நான் இன்னா சார் பண்ண?” மேலாளர் கைபேசியில் பெருக்குகிறார். நம்பாமல் மறுபடியும் பெருக்குகிறார். ஜெபா சாக்பீஸை இன்னும் கீழே வைக்கவில்லை. “கணக்கு கரெக்ட்டும்மா,” என்கிறார், உண்மையாகவே வியந்து. பிறகு பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டுகிறார். “ஆனா கரண்ட்டுக்கு லெட்டர் குடுக்க முடியாதே. நீ கையெழுத்து போடு.”