ஒன்பதாவது மூடி
பிஷ்கெக் பஸ் நிறுத்தத்தில் வெயில் ஏறுகிறது. குடைக்குக் கீழே ஜிபர்குல் மக்சிம் விற்கிறாள். அந்தப் புளித்த தானியக் கஞ்சி பீப்பாயில் நுரைக்கிறது. காலடியில் உதவாத மூடிகள் குப்பையாய்க் கிடக்கின்றன. பட்டறையில் பிளாஸ்டிக் மூடி வார்க்கும் எர்மெக் தன் ஒன்பதாவது மூடியைக் கஞ்சி நிரம்பிய குவளையில் அழுத்துகிறான். இதுவும் தோற்றால் முதலாளி அச்சை உருக்கிவிடுவார். "பூட்டு மாதிரி உக்காந்துடுச்சு, பாருக்கா!" என்று குலுக்கிக் காட்டுகிறான். மூடி உப்புகிறது. டப்! சட்டையெல்லாம் கஞ்சி. "நாசமாப் போக! பட்டறையில ஒரு சொட்டு சிந்தலையே!" "அங்க எதை ஊத்திப் பாத்த?" "தண்ணி." "ஒன்பது தடவையுமா? இது உயிருள்ள கஞ்சிடா, மூச்சு விடும்." அவள் முக்காட்டு ஊசியை உருவி, அதே மூடியில் ஒரு குத்து குத்தி, மறுபடி குவளையில் அழுத்துகிறாள். துளையில் காற்று சீறுகிறது, மூடி அசையவில்லை. எர்மெக் அந்த ஊசியையே முறைக்கிறான்.