சுவரில் ஒரு பச்சை விளக்கு

வரதராஜன் வேலைக்குக் கிளம்பிய பிறகு, அவனுடைய கம்பெனியிலிருந்து பிரிஸில்லா வந்தாள். கையில் ஸ்க்ரூ டிரைவர்.

“கிச்சன் மீட்டரைக் கழட்ட வந்திருக்கேன் மேடம். சமத்துவத் திட்டத்தை நிறுத்திட்டாங்க.”

வரதராஜனின் மனைவி சுகந்திக்குப் பகீரென்றது. ஆண் ஊழியர்கள் வீட்டு வேலையில் பாதியைச் செய்கிறார்களா என்று மூன்று வருடமாக அந்த மீட்டரின் கேமராதான் பார்த்துக்கொண்டிருந்தது. செய்தால்தான் சம்பள உயர்வு. அதனால் கம்பெனிக்கு விருதுகள் கிடைத்தன. சுகந்திக்கு மாலை நேரச் சட்டக் கல்லூரி கிடைத்தது.

“திட்டம் நின்னது அவருக்குத் தெரியுமா?”

“ஆம்பளை ஸ்டாஃப் யாருக்கும் சொல்லலை. சொன்னா பேப்பர்ல வந்துடுமே!”

“எனக்கு அடுத்த மாசம் கடைசிப் பரீட்சைங்க. உள்ளே இருக்கறதை எடுத்துக்குங்க. அந்தப் பச்சை லைட்டை மட்டும் எரிய விட்டுட்டுப் போக முடியுமா?”

பிரிஸில்லா சிரித்தபடி பையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்தாள். “காலையிலேருந்து எல்லா வீட்லயும் இதையேதான் கேக்கறாங்க. பரீட்சை முடியற வரைக்கும் தாங்கும், கவலைப்படாதீங்க.”

“உங்க வீட்டுக்காரரும் இதே கம்பெனியா?”

“ஆமா. எங்க மீட்டர் ரிப்பேராகி ரெண்டு வருஷமாச்சு. வெறும் லைட்டுதான் எரியுது.”

மாலையில் சுகந்தி கல்லூரிக்குப் புறப்பட்டுச் செருப்பை மாட்டும்போது, சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தாள். தேய்த்த குக்கரை வரதராஜன் வழக்கம்போல் மீட்டருக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அடிப்பக்கத்தையும் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான்.