கைக்கு வந்த கல்

மார்த்தபுராவின் வைரக் குழியில், இடுப்பளவு நீரில் நின்று மண் அலசினான் ருஸ்லி. வெள்ளிக்கிழமை அவனுக்கு நிச்சயதார்த்தம், மோதிரத்துக்கு இன்னும் கல் கிடைக்கவில்லை.

“வைரம்னு பேர் சொன்னா ஒளிஞ்சிக்கும்டா. பொண்ணைக் கூப்பிடற மாதிரி கூப்பிடு,” என்றார் மாமா அர்ஷாத்.

“வாடி கண்ணு, என் கைக்கு வந்துடு!”

“மாப்பிள்ளைக்கு அவசரத்தைப் பாரு!” மாமா சிரித்தார்.

அடுத்த அலசலில் தட்டில் ஒளி தெறித்தது. கல்லைத் துடைத்துப் பார்த்த மாமாவின் சிரிப்பு நின்றது.

“மண்ணுலேருந்து வந்த கல்லு எப்படிடா பட்டை தீட்டியிருக்கும்?”

உடைந்த ஓரத்தைப் பார்த்ததுமே ருஸ்லிக்குத் தெரிந்துவிட்டது. போன வருஷம் மஸ்தூராவுக்கு அவன் போட்ட நிச்சய மோதிரத்தின் கல். பக்கத்துக் குழி சரிந்து மண்ணில் புதைந்துபோன அவளின் உடல் கிடைக்கவேயில்லை. அவளையும் அவன் ‘கண்ணு’ என்றுதான் அழைப்பான்.

மாமா மெல்லக் கேட்டார்: “நீ யாரைடா கூப்பிட்டே?”