கோடி போகும் ஏரி

ஏரி நிரம்பி, உபரி நீர் வழிந்து கோடி போகிறது. திருவண்ணாமலையில் பாதி ஊர் அதைப் பார்க்கக் கரைமேல் நிற்கிறது. மாலை வெயிலில் தண்ணீர் வெல்லப்பாகின் நிறத்தில் கற்களின்மேல் வழிந்து இரைகிறது. சக்கரபாணி சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு வேர்க்கடலை வாங்கப் போயிருக்கிறார். அவர் மகள் கஸ்தூரியும், போன மாதம் அவருக்கு இரண்டாம் தாரமாக வந்த ஆதிலட்சுமியும் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடைவெளி. கஸ்தூரி இதுவரை அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. கோரைக்குள்ளிருந்து ஒரு முக்குளிப்பான் நீந்தி வருகிறது. அதன் முதுகுச் சிறகுக்குள்ளிருந்து கோடு போட்ட இரண்டு குஞ்சுகள் தலை நீட்டுகின்றன. "அங்க பாரேன், அம்மா மேல சவாரி போவுதுங்க," என்கிறாள் ஆதிலட்சுமி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். பறவை சட்டென்று மூழ்கிவிட, குஞ்சுகள் மட்டும் தண்ணீரில் மிதக்கின்றன. கஸ்தூரி அவற்றையே பார்த்தபடி பேசுகிறாள்: "ஏரி ரொம்புனா கன்னிமாருங்க குளிக்க வருவாங்களாம். யார் மேல ஆசையோ அவங்கள கூட்டினு போயிடுவாங்களாம். எங்கம்மாவ அப்படித்தான் கூட்டினு போனாங்கன்னு அத்தை சொல்லுச்சு." ஆதிலட்சுமி அவள் பக்கம் திரும்புகிறாள். "உன்னையும் கூட்டினு போவாங்களா?" என்று குழந்தை கேட்கிறாள். "கூப்ட்டாலும் நான் போவ மாட்டேன்டி." கஸ்தூரி நம்பவில்லை. நகர்ந்து நெருங்கி வந்து, ஆதிலட்சுமியின் முந்தானை நுனியை எடுத்துத் தன் பாவாடை நாடாவோடு சேர்த்து, பல்லால் இழுத்து இறுக்கி முடிச்சுப் போடுகிறாள்.