மேடு ஏறாத புல்வெட்டி

"புல்வெட்டி பெல்ட்டைத் தளர்த்தி விட்டது நீதானே?"

கொட்டகை வாசலில் நின்று கத்தினான் வெர்லின். தினமும் இதே பாட்டுதான்.

"எனக்கு அந்தக் கைவேலை தெரிஞ்சிருந்தா என்னைக்கோ செஞ்சிருப்பேனே," என்றாள் அவன் மனைவி டார்லா.

குடித்துவிட்டுக் கார் ஓட்டினதற்கு வெர்லினின் லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். இடுப்பு வலி, நடக்கவும் முடியாது. புல்வெட்டி வண்டிக்கு எதற்கு லைசென்ஸ் என்று அவனாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, அதில் ஏறி உட்கார்ந்து, மேட்டில் இருக்கிற கஸ்ஸின் பாருக்குப் போய்வர ஆரம்பித்தான். ஒருநாள் திரும்பும்போது வண்டியோடு சாக்கடைப் பள்ளத்தில் கிடந்தான்.

அதற்கப்புறம்தான் இந்தக் கூத்து. காலையில் சக்கரத்தை ஓட்டுகிற பெல்ட்டை இழுத்து இறுக்கி வைப்பான். சாயங்காலம் கிளம்பினால், வீட்டுப் புல்லைச் சமர்த்தாகச் சுற்றி வருகிற வண்டி, மேட்டைக் கண்டதும் உறுமிக்கொண்டே பின்னால் சறுக்கும். வீடு இருப்பதோ பள்ளத்தில். எந்தப் பக்கம் போனாலும் மேடுதான்.

"பெருவிரலால அழுத்தினா அரை இஞ்ச் உள்ள போகணும். அதான் சரியான இழுப்பு. காலையில அப்படித்தான் வச்சேன். இப்பப் பாரு, கிழவன் கால்சட்டை மாதிரி தொளதொளன்னு கிடக்கு!"

"உன் கால்சட்டையச் சொல்றியா?"

டார்லா முன்னாலேயே கஸ்ஸிடம் போய்ச் சண்டை போட்டுப் பார்த்திருந்தாள்.

"அவனுக்கு இனிமே ஊத்தாதே கஸ்!"

"நான் ஊத்தலைன்னா ஹைவே கடைக்குப் போவான். அங்க லாரி ஓடும், டார்லா."

"கல்லாவுக்கு நல்ல சாக்கு! நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

கஸ் அடுத்த டம்ளரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

பெல்ட்டில் கை வைக்கிறவர் பக்கத்து வீட்டு பாஸ்டர் ஹாகன்தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. சர்ச் புல்வெட்டியை அவரேதான் கழற்றி மாட்டுவார். ஞாயிறு தவறாமல் கஸ்ஸின் பாரைக் கரித்துக் கொட்டுவார். வேறு யார் இருக்க முடியும்?

மறுநாள் மத்தியானம். வெர்லின் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கொட்டகையில் 'டங்' என்று ஒரு சத்தம்.

டார்லா பாஸ்டருக்கென்று செய்த கேக்கைச் சுடச்சுட எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நடந்தாள். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"பயப்படாதீங்க பாஸ்டர், நான் மூச்சுவிட மாட்டேன்," என்று குசுகுசுத்தாள். "என் புருஷன் உசுரைக் காப்பாத்துறீங்க. அந்தப் பாவி கஸ்ஸுக்கு உங்க மனசுல கால்வாசி இருந்திருந்தா..."

அடியிலிருந்து கிரீஸ் அப்பின கை ஒன்று நீண்டது.

"அந்த ஸ்பேனரை எடு, டார்லா. பாவிக்குக் கடை திறக்க நேரமாச்சு."